நம்பர் சேராத போல்ட்டு

இப்படி நெழலுக்கு வாங்க தம்பி. வரிசை இப்போதைக்கு நகராது. ரைட்டரு டிபன் முடிச்சு வந்து, கண்ணாடியத் தொடைச்சு, பேனாவத் தேடி எடுத்து ஒவ்வொரு துப்பாக்கியா எழுதறதுக்குள்ள வெயிலு உச்சிக்கு வந்துரும். எலெக்சன் வந்தா இதே பாடுதானுங்க. லைசன்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கற பாவத்துக்கு, நாம சாமானப் போர்வையில சுத்திக் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கோணும். ரிசல்ட் எல்லாம் வந்து அடங்கின பொறவுதான் திருப்பித் தருவாங்க.

புதுசுங்களா? அதான பாத்தேன், இதுக்கு முன்னால இங்க கண்டதில்லையே. பெரியப்பா வெச்சிருந்ததா? லைசன்சு இப்பத்தான் உங்க பேருக்கு மாறுச்சா. சரி சரி. விக்கலாமா வெச்சுக்கலாமான்னு யோசனை. இதுக்கு எதுக்குங்க கோயமுத்தூரு கடைக்காரங்கிட்டப் போறீங்க? போர்வையப் பிரிங்க. நாச்சிமுத்துன்னு இந்தத் தாலுக்காவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த ஸ்டேஷன் வாசல்ல நான் கையில வாங்கிப் பாக்காத துப்பாக்கி கிடையாது. காசு வாங்கறதில்லை. ஒரு டீ வாங்கிக் குடுத்தா குடிப்பேன், அவ்வளவுதான்.

மொதல்ல தாழ்ப்பாளாட்டம் இருக்குதே, இந்த போல்ட்டத் தூக்கிப் பின்னால இழுத்து, உள்ள தோட்டா இருக்குதான்னு பாக்கோணும். எவ்வளவு பெரிய ஆளு குடுத்தாலும் சரி, காலின்னு சத்தியம் பண்ணினாலும் சரி, பாக்கோணும். இல்லை. நல்லது. இப்ப இங்க வெரல வெச்சுப் பாருங்க, மரக்கட்டையும் இரும்பும் சேர்ற எடத்துல. இரும்பு மேடா நிக்குது, மரம் ஒரு நூலு பள்ளமா இருக்குது, தட்டுப்படுதுங்களா? யாரோ உப்புக்காகிதம் போட்டு மரத்தத் தேச்சு வார்னிஷ் அடிச்சிருக்காங்க. பெரியப்பா பாவம், அழகுபண்ணறோம்னு நெனச்சிருப்பாரு. பழைய துப்பாக்கியில கீறல் இருக்கலாம், கறை இருக்கலாம், கையி பட்டுப் பட்டு ஒரு எடம் கறுத்துக் கிடக்கலாம். அதையெல்லாம் தேச்சு மினுமினுன்னு ஆக்கிட்டா, வாங்க வர்றவன் மொகத்தத் திருப்பிக்குவான்.

இருங்க, மொகம் சுண்டிப் போகாதீங்க. பேரல் மேல கம்பெனிப் பேரு வெட்டியிருக்கற எழுத்தப் பாருங்க. ஓரமெல்லாம் கூரா இருக்குது. அப்ப இரும்பத் தேய்க்கலை. திருகாணித் தலைகளும் சிதையாம இருக்குது, கண்ட ஸ்க்ரூடிரைவரப் போட்டு யாரும் நோண்டலை. போல்ட்ட உருவிட்டு, கட்டவெரல் நகத்த அந்தப் பக்கம் வெச்சுக் குழலுக்குள்ள பாருங்க. நகத்து வெளிச்சத்துல உள்ள வரி சுத்திச் சுத்திப் போகுதா? அதான் உசுரு. வாய்ப்பக்கம் வட்டம் சிதையாம இருக்குது. பெரியப்பா மரத்தக் கெடுத்தாரே ஒழிய குழலக் காப்பாத்தி வெச்சிருக்காரு. வித்துராதீங்க.

கடைசியா ஒண்ணு. போல்ட்டுக் கைப்பிடி வேர்ல ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. குழல் அடியில ஒரு நம்பர். ரெண்டும் ஒண்ணுதான? அப்பாடா. ஏன் கேக்கறேன்னா, கம்பெனிக்காரன் ஒரு துப்பாக்கிக்குன்னே ஒரு போல்ட்ட அரம் போட்டு ராவி உக்கார வெச்சிருப்பான். அதே கம்பெனி வேற போல்ட்டப் போட்டாலும் போயி உக்காந்துக்கும், ஆனா சரியா உக்காராது. நாலு தடவ சுடும், அஞ்சாவது தடவ தோட்டா பின்பக்கமா பிச்சுக்கிட்டு வந்து சுடறவன் கண்ணுல அடிக்கும். நம்பர் சேரலைன்னா அது துப்பாக்கி இல்லீங்க, வெறும் இரும்பு.

அந்த நம்பர்தானுங்க என்ற பொண்ணு கல்யாணத்த நிறுத்துச்சு.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். நாந்தான் நிறுத்தினேன்னு ஊருல சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஒரே பொண்ணு, யமுனான்னு பேரு. வேளாண்மை படிச்சிருக்குது, விதைப் பண்ணையில வேலை. ஏழு வயசுலயே துப்பாக்கிக் குழல் தொடைக்கற கம்பிக்குத் துணி கோத்துக் குடுக்கும். அதுக்கு அடுத்த ஊரு சென்னியப்பன் மகன் தரணிதரன்னு ஒரு எடம் வந்துச்சு. வந்துச்சுன்னா, அதுங்க ரெண்டும் ஒரே பண்ணையில வேலை பாத்து, தானாப் பேசி முடிச்சுக்கிட்டு, பொறவு பெரியவங்க பேசற மாதிரி நம்ம கையில குடுத்துச்சுங்க. நான் ஒண்ணும் சொல்லலை. நல்ல பையன். உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணறதுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்கு நடுவுல எலெக்சன் வந்துச்சு. இந்த எலெக்சன் இல்லீங்க, போன சட்டசபை எலெக்சன்.

இதே வாசல்தான். இதே மாதிரி வரிசை. நாப்பது பேரு இருப்பாங்க. நான் என்ற துப்பாக்கிய நாலு பேருக்குக் காட்டிக்கிட்டு இருக்கறேன். அந்த ரெண்டு வருசமா என்ற போல்ட்டு அப்படி ஒரு ஓட்டமுங்க. வெண்ணெயாட்டம் போகும், வெண்ணெயாட்டம் வரும். அதுக்கு முந்தி கொஞ்சம் மொரண்டு பண்ணிக்கிட்டு இருந்துச்சு, பொறவு தானாச் சரியாயிருச்சு. பராமரிப்புன்னா இப்படி இருக்கோணும்னு இழுத்து இழுத்துக் காட்டறேன். அப்பப் பாத்து சென்னியப்பன் வர்றாரு. அமைதியான மனுசன். பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும். அவரு வெச்சிருக்கறதும் என்னுதாட்டமே சீமைத் துப்பாக்கி, ஒரே கம்பெனி. அந்தக் காலத்துல எஸ்டேட்டுத் துரைக எல்லாம் அதத்தான் வெச்சிருந்தாங்க, போகும்போது வித்துட்டுப் போனாங்க.

யாரோ ஒருத்தன் சும்மா இருக்காம, "ஏனுங்கண்ணா, எல்லாத்து துப்பாக்கியவும் பாக்கறீங்க, சம்பந்தி துப்பாக்கியப் பாக்க மாட்டீங்களா"ன்னு கெளப்பிவிட்டான். சென்னியப்பன் போர்வைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. "பொறவு ஊட்டுல வெச்சுப் பாத்துக்கலாமுங்க"ன்னாரு. நான் உட்டாத்தான? பாராட்டோணும்னுதானுங்க வாங்கினேன். சத்தியமாச் சொல்றேன், மனசுக்குள்ள வார்த்தையெல்லாம் கோத்து வெச்சிருந்தேன். மரக்கட்டையப் பாத்தேன், பழசு பழசாவே இருந்துச்சு. குழலப் பாத்தேன், அருமை. போல்ட்ட உருவினேன். நம்பரப் பாத்தேன்.

சேரலை.

குழல்ல ஏழாயிரத்து நூத்தி அறுவத்தி ஒம்பது. போல்ட்டுல ஏழாயிரத்து நூத்தி அறுவத்தி ரெண்டு. சத்தமாப் படிச்சேன். மறுபடியும் படிச்சேன், பின்னால நின்னவங்களுக்கும் கேக்கோணுமே. போல்ட்டு மொகத்தப் பாத்தா துருத் தின்னு புள்ளி புள்ளியாக் கிடக்குது. கைப்பிடி உருண்டையில பெருசா ஒரு வெட்டு. எவனோ மடையன் போல்ட்டு தொறக்கலைன்னு கல்லால அடிச்சிருக்கான். நான் சும்மா இருக்க முடியுங்களா? எனக்குன்னு ஒரு பேரு இருக்குது. "இந்த போல்ட்ட வெச்சிருந்தவன் துப்பாக்கி கெடக்கட்டும், கருக்கருவாளக்கூட கையில தொடக்கூடாது"ன்னேன். "எந்தக் குப்பைமேட்டுல பொறுக்கினதோ"ன்னேன். சனம் சிரிக்குது. சிரிக்கச் சிரிக்க எனக்கு வேகம் ஏறுது. "ஒரு போல்ட்டு சேருதா சேரலையான்னு பாக்கத் தெரியாத ஊட்டுக்கு என்ற பொண்ண எப்படிங்க அனுப்பறது"ன்னு கேட்டுட்டேன்.

சென்னியப்பன் என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க? "சரிங்க"ன்னாரு. அவ்வளவுதான். துப்பாக்கிய வாங்கிப் போர்வையில சுத்தி, வரிசையில போயி நின்னுக்கிட்டாரு. மாட்டிக்கிட்டாருன்னு நான் நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனப்பீங்க?

ஊட்டுக்கு வந்து சொன்னா, என்ற ஊட்டுக்காரி தனபாக்கியம் தலையில கைய வெச்சு உக்காந்துட்டா. "ஏனுங்க, நல்லா இருக்குதுன்னு ஒரு பொய் சொன்னா உங்க வாயி வெந்தா போயிரும்"ங்கறா. பொய்யி சொல்லலாமுங்களா, துப்பாக்கி விசயத்துல? யமுனா அழுகலை. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "போல்ட்டுல என்ன நம்பர்னு சொன்னீங்கப்பா?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். அது அப்படியே என்ற மொகத்தப் பாத்துச்சு. "அப்பா, அது நம்ம நம்பர்"ன்னுச்சு.

லைசன்சு புதுப்பிக்கறதெல்லாம் இப்பக் கம்ப்யூட்டர்லதானுங்க, யமுனாதான் போடும். அதுக்கு நம்பர் மனப்பாடம். எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க வண்டி இஞ்சின் நம்பர் என்னன்னு சொல்லுங்க பாக்கலாம். பாத்தீங்களா. அடுத்தவன் சாமானத்தான் நம்பர் பாத்துச் சோதிப்போம், சொந்தச் சாமான யாராச்சும் சோதிப்பாங்களா?

நான் நம்பலை. நம்ம துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குது, திரும்பி வரட்டும், பாத்துக்கலாம்னுட்டேன். அது வரைக்கும் எங்க ஊட்டுல யாரும் என்கூடப் பேசலீங்க. சோறு வரும், கொழம்பு வரும், பேச்சு வராது. உப்புச் சக்கரைக்குக் குறிச்ச நாளு வந்துச்சு, போச்சு. அன்னிக்கு யமுனா எப்பவும் போல வேலைக்குக் கெளம்பிப் போச்சு. அது வண்டி திருப்பத்துல மறையற வரைக்கும் நான் வாசல்லயே நின்னேன். அதச் சொல்றதுல எனக்கொண்ணும் வெக்கமில்லை.

எலெக்சன் முடிஞ்சு துப்பாக்கி வந்துச்சு. வாசல்லயே வெச்சுப் பிரிச்சோம். குழல்ல அறுவத்தி ரெண்டு. போல்ட்டுல அறுவத்தி ஒம்பது.

என்ன நடந்துச்சுன்னா, அதுக்கு முந்தின எலெக்சன்ல, போல்ட்டையெல்லாம் தனியா உருவி ஒரு ட்ரங்குப் பொட்டியில போட்டு வெச்சாங்க. துணிச் சீட்டுல பேரு எழுதிக் கட்டியிருந்தாங்க. மழையில பொட்டி ஒழுகி, சீட்டெல்லாம் எழுத்தழிஞ்சு போச்சு. குடுக்கறப்ப ஒண்ணு மாத்தி ஒண்ணு குடுத்துட்டாங்க. என்னுது அவருகிட்டப் போச்சு, அவருது எங்கிட்ட வந்துச்சு. இதுல என்ற தப்பு எங்க இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. மழை பெஞ்சது தப்பு. எலெக்சன் வெச்சது தப்பு. தனபாக்கியம் கேக்க மாட்டேங்கறா. "ரெண்டு வருசம் வெண்ணெயாட்டம் ஓடுதுன்னு சீராட்டினீங்களே, அது அவிய போல்ட்டு. குப்பைமேட்டுதுன்னு நாப்பது பேரு முன்னால சொன்னீங்களே, அது உங்குளுது. அந்த வெட்டு ஞாபகமில்லை? நீங்கதான் என்ற கொழவிக்கல்லத் தூக்கிட்டுப் போயி அடிச்சீங்க"ங்கறா. உருப்படியானது ஒண்ணும் ஞாபகம் இருக்காது அவளுக்கு, இது மட்டும் இருக்கும்.

பொறவு என்ன பண்ணறது. போல்ட்ட ஒரு துண்டுல சுத்திக்கிட்டு சென்னியப்பன் ஊட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஸ்டேஷனத் திட்டிக்கிட்டே போனேன், அவரும் சேந்து திட்டுவாருன்னு. அவரு மோரு குடுத்தாரு. விசயத்தச் சொன்னேன். "தெரியுமுங்க"ங்கறாரு.

"எப்பத் தெரியும்?"

"திருப்பி வாங்கின அன்னிக்கே பாத்துட்டனுங்க. ரைட்டருகிட்டக் கேட்டு, யாருதுன்னும் தெரிஞ்சுக்கிட்டேன். உங்ககிட்ட வரலாம்னு இருந்தப்பத்தான் உங்க பொண்ணப் புடிச்சிருக்குதுன்னு பையன் வந்து சொன்னான். இந்த நேரத்துல போயி, உங்க போல்ட்டு இப்படித் துருவாக் கிடக்குதுன்னு காட்டினா நல்லா இருக்குமான்னு உட்டுட்டேன். சொந்தமான பொறவு சத்தமில்லாம மாத்திக்கலாம்னு நெனச்சேன். நம்பர் சேராம நீங்க சுட மாட்டீங்கன்னு இருந்துட்டேன்."

"சபையில நான் அத்தனை பேசறப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பொண்ணு குடுக்கறவரு அத்தனை பேரு முன்னால தலை குனியோணுமே"ங்கறாரு.

எவ்வளவு அழுத்தம் பாருங்க அந்த மனுசனுக்கு. அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் பாட்டுக்குத் திருப்பித் திட்டிட்டு வந்திருப்பேன். மோர முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. ரெண்டு வருசமா என்ற போல்ட்ட மாட்டி ஒரு தோட்டாக்கூடச் சுடலையாம் அவரு, நம்பர் சேராததால. நான் அவரு போல்ட்ட மாட்டிப் பன்னி தொரத்த எத்தன தடவ சுட்டனோ. எனக்குக் கண்ணு ரெண்டும் இருக்குதுன்னா அது சாமி புண்ணியம்.

போல்ட்ட மாத்திக்கிட்டோம். கல்யாணப் பேச்சையும் எடுத்தேன். அவுங்களுக்குச் சம்மதம். பையனுக்குச் சம்மதம். தையில முகூர்த்தம், மண்டபம்கூடப் பாத்தாச்சு. இப்ப மொரண்டு யாருங்கறீங்க? யமுனா. "சபையில சொன்னதச் சபையில சொல்லித்தான் திருப்பி எடுக்கோணும்ப்பா. அடுத்த எலெக்சனுக்கு எல்லாரும் துப்பாக்கியோட வருவாங்கல்ல, அங்க சொல்லுங்க. அது வரைக்கும் பத்திரிகை அடிக்க வேண்டாம்"னுருச்சு. "அவுரு பெருந்தன்மையா இருக்காருன்னு நீங்க சும்மா இருந்துக்கறதா? எங்க மாமாவ ஊரே குப்பைமேடுன்னு பேசுது"ங்குது. எங்க மாமாவாம். இன்னும் தாலி ஏறலை.

அது சொன்ன அடுத்த எலெக்சன்தானுங்க இந்த உள்ளாட்சி எலெக்சன். துப்பாக்கி ஒப்படைக்கற நாளு இன்னிக்கு. விடிஞ்சு கெளம்பறப்பவே கதவுல நின்னு மறுபடியும் சொல்லி அனுப்புச்சு, "யாரு போல்ட்டுன்னு சொல்லோணும்ப்பா, சுத்தி வளைக்கக் கூடாது"ன்னு.

நான் என்ன யோசிச்சு வெச்சிருக்கறேன்னா, அவரு வந்ததும் துப்பாக்கிய வாங்கி, "இதாட்டம் சாமான் இந்தத் தாலுக்காவுலயே கிடையாது"ன்னு சத்தமா ஒரு போடு போட்டர்றது. அந்த போல்ட்டு விசயத்த மட்டும் அப்படியே வாய்க்குள்ள, இருமற மாதிரி சொல்லிட்டு உட்டர்றது. சொன்னதும் ஆச்சு, யாருக்கும் கேக்காமயும் ஆச்சு. முப்பது வருசமா இந்த வாசல்ல எனக்குன்னு ஒரு எடம் இருக்குதுங்க. துப்பாக்கி எடுத்துட்டு வந்தா மொதல்ல என்ற கையிலதான் குடுப்பாங்க. அது போயிருச்சுன்னா, நானும் போர்வையச் சுத்திக்கிட்டு வரிசையில நிக்கற ஒரு ஆளு, அவ்வளவுதான். அதுக்காகப் பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பனான்னா, கெடுக்க மாட்டேன். ஆனா இருமறதுக்கு என்ன கொறைச்சல், சொல்லுங்க.

என்ன கேக்கறீங்க? அட, துருப்புடிச்சது என்ற போல்ட்டுத்தானுங்க. நான் வெச்சிருந்தப்பப் புடிச்ச துருதான். கல்லால அடிச்சதும் நாந்தான், மடையன்னு சொன்னதும் என்னையத்தான். அவரு சாமான் அப்பழுக்கில்லாதது. இவ்வளவு நேரம் அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கறேன், தெளிவா இல்லீங்களா?

எதுக்குச் சிரிக்கறீங்க தம்பி? என்ற முதுகுக்குப் பின்னால யாரப் பாக்கறீங்க?

அட. வரிசை அங்கல்ல நின்னுச்சு, எல்லாரும் எப்ப இங்க வந்தீங்க? ரைட்டர் சார், நீங்களுமா. எழுதற வேலைய உட்டுப்போட்டு நிக்கறீங்களே சார், ட்ரங்குப் பொட்டி விசயத்த நான் தப்பாச் சொல்லலை, மழையத்தான் சொன்னேன்.

வாங்க சம்பந்தி. வந்து நேரமாச்சுங்களா? உப்புக்காகிதம் சொல்றப்பவே வந்துட்டீங்களா. ஒரு கொரல் குடுத்திருக்கலாமில்லீங்க. நீங்க எங்க குடுப்பீங்க.

அது யாரு போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறது? தரணி மாப்பிள்ளையா. யாருகிட்டப் பேசறீங்க? யமுனாவா. முழுசும் கேட்டுச்சா. என்ன சொல்லுது? பத்திரிகை அடிக்கக் குடுத்தரலாம்னு சொல்லுதா. சரி. குரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது? ஒண்ணுமில்லையா. இப்ப எதுக்கு அழுகுது, அப்பவே அழுகலை. சரி கண்ணு, வெய்யி, பொறவு பேசறேன்.

எதுக்குங்க சம்பந்தி உங்க துப்பாக்கிய எங்கிட்ட நீட்டறீங்க? மறுபடியும் பாக்கறதா? வேண்டாமுங்க, அத அப்படி வையுங்க. இந்தத் தடவ என்னுத நீங்க பாருங்க. இந்தாங்க, பிரிச்சே பாருங்க. மொதல்ல நம்பரப் பாருங்க. பொறவு மரம், குழலு, என்னென்ன பாக்கோணுமோ எல்லாம் பாருங்க. கொறை இருந்தாக் கொறைன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சம்பந்தி. சபை இருக்குது.